மாடு, ஆடு வெச்சிருக்கற தோட்டத்துல சின்னதா ஒரு அக்வாபோனிக்ஸ் போடறது எப்படி

4 கறவை மாடு, 10, 15 வெள்ளாடு, கொட்டகைக்குப் பின்னாடி கொஞ்சம் நாட்டுக்கோழி, இப்படி இருக்கற தோட்டங்க ஈரோடு, நாமக்கல், கரூர், திருப்பூர் பக்கம் எக்கச்சக்கம். இன்னொரு வருமானம் வேணும்னு யோசிச்சா எல்லாரும் முதல்ல சொல்றது இன்னும் ரெண்டு மாடு வாங்குன்னுதான். ஆனா மாடு கூடுனா தீவனம் கூடணும், தண்ணி கூடணும், ஆள் கூடணும், பால் விலை இறங்குனா எல்லாம் ஒண்ணா அடி வாங்கும். அதுக்குப் பதிலா கொட்டகை ஓரத்துல 10 அடிக்கு 15 அடி இடத்துல மீனும் கீரையும் சேர்ந்து வளர்ற ஒரு செட்டப் போட்டுப் பாருங்கன்னுதான் நான் சொல்வேன். மாடு வெச்சிருக்கறவங்களுக்கு இது டவுன்ல மொட்டை மாடியில செய்யறவங்கள விட சுலபம், ஏன்னா இதுக்கு முக்கியமா வேண்டியது காலையில ஒரு பார்வை, சாயங்காலம் ஒரு பார்வை, அது உங்க கிட்ட ஏற்கனவே இருக்கு. பால் கறக்க எப்படியும் விடிகாலையில எந்திரிக்கறீங்க, மீனுக்கு ஆபத்து வர்ற நேரமும் அதுதான்.

அக்வாபோனிக்ஸ்னா சுருக்கமா இவ்வளவுதான். மீன் தின்னுட்டு செவுள் வழியா அம்மோனியாவ வெளிய விடும். தண்ணியில, ஜல்லி மேல ஒட்டி வளர்ற பாக்டீரியா (நைட்ரோசோமோனாஸ் வகை) அத நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் (நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர்) அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட் செடிக்குச் சாப்பாடு. செடி நைட்ரேட்ட எடுத்துக்கிட்டதும் தண்ணி திரும்ப மீன் தொட்டிக்குப் போகும். எல்லாம் சரியா ஓடற வரைக்கும் தண்ணிய மொத்தமா மாத்த வேண்டியதில்ல, ஆவியாகறதையும் செடி குடிக்கறதையும் கழிவோட வெளிய எடுக்கறதையும் மட்டும் ஈடு கட்டினா போதும். நம்ம பக்கம் போர் 800 அடி, 1000 அடின்னு போயிட்டிருக்கற காலத்துல இது சின்ன விஷயம் இல்ல.

இப்போ எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. மாட்டுச் சாணி, கோமியம், கோழி எரு எதுவும் இந்தத் தண்ணிக்குள்ள போகக்கூடாது. குளத்துல மீன் வளர்க்கறவங்க சாணி கரைச்சு ஊத்துவாங்க, குட்டைக்கு மேல கோழிக் கூண்டு, வாத்துக் கூண்டு கட்டுவாங்க, அது குளத்துக்குச் சரி, அங்க சாணியால பாசி, நுண்ணுயிர் வளர்ந்து அத கெண்டை மீன் திங்கும், குளமும் பெருசு. 1000 லிட்டர் தொட்டியில ஒரு கூடை சாணி போட்டீங்கன்னா அது அழுகறதுக்கே இருக்கற ஆக்ஸிஜன் எல்லாம் போயிடும், ராத்திரியோட மீன் முடிஞ்சுது. இன்னொரு காரணம் அதை விடப் பெருசு. ஈ.கோலை, சால்மோனெல்லா மாதிரி கிருமிங்க ஆடு, மாடு, கோழி குடல்ல இருந்து வர்றது, நீங்க அந்தத் தண்ணியில வளர்ற புதினாவையும் கொத்தமல்லியையும் பச்சையா சட்னி அரைச்சுத் திங்கப் போறீங்க, பக்கத்து வீட்டுக்கும் விக்கப் போறீங்க. அதனால மீன் பக்கத்துல இருந்து மாட்டுப் பக்கம் போறது எது வேணா போகட்டும், மாட்டுப் பக்கத்துல இருந்து மீன் பக்கம் வர்றது எல்லாத்தையும் யோசிச்சுத்தான் விடணும்.

அதுல முக்கியமானது உண்ணி மருந்து. மாட்டுக்கு உண்ணிக்கும் ஈக்கும் அடிக்கிறோமே டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், இதெல்லாம் சொன்ன அளவுல அடிச்சா மாட்டுக்குப் பெருசா ஒண்ணும் செய்யாது, ஆனா மீனுக்குக் கொடிய விஷம், ரொம்பக் கொஞ்சமே போதும். மருந்து தெளிக்கற அன்னைக்கு மீன் தொட்டி இருக்கற பக்கம் காத்து அடிக்காம பாத்துக்கங்க, ஸ்பிரேயர கழுவுன தண்ணிய அந்தப் பக்கமே கொட்டாதீங்க, அதே கையோட அதே சட்டையோட வந்து மீனுக்குத் தீவனம் போடாதீங்க. கையை சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டு வாங்க. வீட்டுல வேற யாராவது தெளிக்கறாங்கன்னா அவங்களுக்கும் இத சொல்லி வைங்க. கொட்டகை கழுவற பினாயில், பிளீச்சிங் பவுடரும் இதே கதைதான், கழுவுன தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒரு தடவை நின்னு பாருங்க. தொட்டி எப்பவும் கொட்டகைக்கு மேட்டுப் பக்கம் இருக்கணும்.

இடம் பாக்கறப்போ மரத்தடி வேண்டாம். வேப்ப மரத்து நிழல் நல்லாத்தான் இருக்கும் ஆனா இலை, பூ, பழம் எல்லாம் தொட்டியில விழும். காலை வெயில் 5, 6 மணி நேரம் செடிக்குக் கிடைக்கணும், மத்தியானத்துக்கு மேல கொட்டகை நிழல் விழுந்தா நல்லது, அதனால கொட்டகைக்குக் கிழக்குப் பக்கம் வசதி. கோழிக் கொட்டகைய ஒட்டி வைக்காதீங்க, எரு காய்ஞ்சு பறக்கற தூசி எல்லாம் தண்ணியிலதான் வந்து உக்காரும். கரண்ட் விஷயத்துல தோட்டத்து மோட்டாருக்கு வர்ற த்ரீ ஃபேஸ் லைன நம்பாதீங்க, அது முறை வெச்சு வர்றது, இங்க 24 மணி நேரமும் ஓடணும், அதனால வீட்டு லைன் எட்டற தூரத்துல போடுங்க.

சைஸ் எவ்வளவுன்னு கேட்டா, முதல் செட்டப் 1000 லிட்டர் மீன் தொட்டி ஒண்ணு, 1.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 செ.மீ ஆழத்துல செடித் தொட்டி ரெண்டு. இதுக்கு மேல போகாதீங்க, இதுக்குக் கீழயும் போகாதீங்க. சின்னத் தொட்டியா இருந்தா வெயிலுக்கு டக்குனு சூடாகும், ஒரு மீன் செத்தாக்கூட தண்ணி கெட்டுப் போகும். பழைய ஐபிசி டேங்க் (இரும்புக் கூண்டுக்குள்ள வெள்ளை பிளாஸ்டிக் டேங்க்) கிடைச்சா ஒண்ண மீனுக்கு அப்படியே மேல் மூடிய மட்டும் வெட்டி வெச்சுக்கலாம், இன்னொண்ண மேலயும் கீழயும் 30 செ.மீ உயரத்துக்கு வெட்டினா ரெண்டு செடித் தொட்டி ஆச்சு. ஆனா அதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு லேபிள் பாக்காம வாங்கவே வாங்காதீங்க, நம்ம ஊர்ல சாயப்பட்டறை கெமிக்கல் வந்த டேங்க்தான் மலிவா கிடைக்கும், எவ்வளவு கழுவினாலும் அது வேண்டாம். எண்ணெய், குளுக்கோஸ் மாதிரி சாப்பாட்டுப் பொருள் வந்ததா பாருங்க, இல்லன்னா பேசாம புது சின்டெக்ஸ் வாங்கிடுங்க. வெளிச்சம் உள்ள போனா பாசி பிடிக்கும், அதனால வெளிப்பக்கம் கருப்புப் பெயிண்ட் அடிச்சு அதுக்கு மேல வெள்ளை அடிங்க, கருப்பு மட்டும் விட்டா சூடு இழுக்கும்.

செடித் தொட்டியில நிரப்பறதுக்கு 20 எம்எம் கருங்கல் ஜல்லி போதும், க்ளே பால் (சுட்ட களிமண் உருண்டை) எல்லாம் வாங்கி காசக் கரைக்க வேண்டாம். ஜல்லி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கை எடுத்து வினிகர் ஊத்திப் பாருங்க, நுரை வந்தா அதுல சுண்ணாம்புக் கல் கலந்திருக்கு, அது தண்ணியோட பிஹெச்ச (அமில, காரத் தன்மையோட அளவு) ஏத்திக்கிட்டே இருக்கும், வேண்டாம். சல்லடையில போட்டு தண்ணி தெளியற வரைக்கும் அலசுங்க, இது சலிப்பான வேலைதான், ஆனா இங்க விட்ட மண்ணுதான் பின்னாடி பைப்ப அடைக்கும். ஒரு தொட்டி ஜல்லியும் தண்ணியும் சேர்ந்து கிட்டத்தட்ட 600 கிலோ வரும், அதனால மரப்பலகை, பழைய கட்டில் கால்னு ஸ்டாண்ட் போடாதீங்க, ஹாலோ பிளாக்க மட்டமா அடுக்கி அதுக்கு மேல வைங்க.

தண்ணி ஓட்டம் இப்படி. மீன் தொட்டியில இருந்து தண்ணி முதல்ல ஒரு 200 லிட்டர் டிரம்முக்கு வரும், அங்க சுத்திச் சுத்தி மெதுவா நகர்றப்போ மீன் கழிவு அடியில தங்கிடும், மேல இருக்கற தெளிஞ்ச தண்ணி செடித் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து மறுபடி மீன் தொட்டிக்கு இறங்கும். எங்கயாவது ஒரே ஒரு இடத்துலதான் பம்ப் இருக்கணும், மத்ததெல்லாம் சரிவுலயே ஓடணும். 1000 லிட்டர் தண்ணி மணிக்கு ஒரு தடவை சுத்தி வரணும், அதாவது நீங்க ஏத்தற உயரத்துல மணிக்கு 1000 லிட்டர் தர்ற சப்மெர்சிபிள் பம்ப். பெட்டி மேல போட்டிருக்கற அளவு உயரமே இல்லாத கணக்கு, ஒண்ணரை மீட்டர் ஏத்தினா அது நல்லாக் குறைஞ்சுடும், அதனால போட்டிருக்கறது 2000க்கு மேல இருக்கறதா பாத்து வாங்குங்க. இந்த பம்ப்பும், மீன் தொட்டியில காத்து ஊதற ஏர் பம்ப்பும் சேர்ந்து 60 வாட்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு ஒண்ணரை யூனிட்டுக்கு உள்ளதான்.

செடித் தொட்டியில தண்ணி நிரம்பறதும் வடியறதும் மாறி மாறி நடக்கணும், அப்பத்தான் வேருக்கும் பாக்டீரியாவுக்கும் காத்து கிடைக்கும். இதுக்குத்தான் பெல் சைபன். நடுவுல 1 இஞ்ச் பைப் 23 செ.மீ உயரத்துக்கு நிக்கும், அதுக்கு மேல 3 இஞ்ச் பைப், மேல் பக்கம் மூடி போட்டு, அடியில பல்லு பல்லா வெட்டி கவுத்து வைக்கணும், அதையும் சுத்தி ஓட்டை போட்ட 4 இஞ்ச் பைப், அது ஜல்லி உள்ள வராம தடுக்க. தண்ணி 23 செ.மீ தாண்டினதும் சைபன் இழுத்து மொத்தமா காலி பண்ணும், காத்து உள்ள போனதும் நின்னுடும், மறுபடி நிரம்பும். ஜல்லியோட மேல் 5 செ.மீ எப்பவும் காய்ஞ்சே இருக்கணும், இல்லன்னா பாசியும் கொசுவும் வந்துடும். சைபன் இழுக்கவே இல்லாம சும்மா வழிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள வர்ற தண்ணி பத்தல, இழுத்து முடிச்சும் நிக்காம சொட்டிக்கிட்டே இருந்தா உள்ள வர்ற தண்ணி அதிகம், அதனால ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பால் வால்வு போட்டு பொறுமையா திருகித் திருகி சரி பண்ணுங்க. இது வேண்டாம்னு நினைக்கறவங்க பம்ப்புக்கு டைமர் போட்டு 15 நிமிஷம் ஓடி 45 நிமிஷம் நிக்கற மாதிரி வெச்சுக்கலாம், அதுக்கேத்த மாதிரி பெரிய பம்ப்பா போடணும், அதுவும் நல்லாவே வேலை செய்யும்.

கரண்ட் போனா என்னன்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க. பம்ப் நின்னா செடி கொஞ்ச நேரம் தாங்கும், மீன் தாங்காது. 30 டிகிரி தண்ணியில முழுசா கரைஞ்சாலே லிட்டருக்கு 7.5 மி.கி ஆக்ஸிஜன்தான் நிக்கும், மீனுக்கு 5க்குக் குறையக்கூடாது, அப்போ நம்ம கையில இருக்கற இடைவெளி எவ்வளவு கொஞ்சம்னு பாத்துக்கங்க. பம்ப்புக்கு இல்லன்னாலும் ஏர் பம்ப்புக்குக் கண்டிப்பா பேட்டரி பேக்கப் வேணும், பழைய இன்வெர்ட்டர் இருந்தா அதுல மாட்டிடுங்க. சித்திரை, வைகாசி வெயிலுக்கு தொட்டி மேல 50 சதவீத நிழல் வலை கட்டுங்க. அதே வலை காக்கா, மீன்கொத்தி, பூனையையும் தடுக்கும், உங்க கோழிங்களையும் தடுக்கும், ஏன்னா முளைச்சு வர்ற கீரைய கோழி ஒரே மணி நேரத்துல சுத்தமா முடிச்சுடும்.

அடுத்து தண்ணி. நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பு, கடினம், பிஹெச் பெரும்பாலும் 8 பக்கம் இருக்கும். மீனும் பாக்டீரியாவும் செடியும் மூணும் ஒத்துப் போற இடம் 6.5ல இருந்து 7 வரைக்கும். 8ல மீன் நல்லாவே வாழும், ஆனா ரெண்டு சிக்கல். ஒண்ணு, பிஹெச் 7ல இருந்து 8க்குப் போனா அதே அம்மோனியா அளவுல விஷமான பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகுது. ரெண்டாவது, செடியால இரும்புச் சத்த எடுக்க முடியாது. இங்கதான் உங்க மாட்டுக் கொட்டகை கூரை கை கொடுக்கும். மழைத்தண்ணி மென்மையான தண்ணி, கூரையில இருந்து பைப் போட்டு ஒரு டேங்க்ல பிடிச்சு, முதல் மழையையும் ஒவ்வொரு மழையில முதல் கொஞ்ச நேரத்துத் தண்ணியையும் வெளிய விட்டுட்டு, போர் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்தீங்கன்னா பிரச்சனை பெருமளவு குறையும். துத்தநாகம் பூசுன புதுத் தகரக் கூரையா இருந்தா மட்டும் கொஞ்சம் யோசிங்க, துத்தநாகமும் செம்பும் மீனுக்கு ஆகாது, அதே காரணத்துக்காக தண்ணி ஓடற வழியில பித்தளை, செம்பு ஃபிட்டிங் எதுவும் போடாதீங்க. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணின்னா குளோரின் இருக்கும், ஏர் பம்ப் ஓட விட்டு ரெண்டு நாள் வெச்சுட்டுத்தான் ஊத்தணும்.

மீன் விடறதுக்கு முன்னாடி பாக்டீரியா வளரணும், 4ல இருந்து 6 வாரம் ஆகும், இத யாரும் பொறுத்துக்க மாட்டேங்கறாங்க. தண்ணிய சுத்த விட்டு தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தப் போட்டு அழுக விடுங்க, அதுல இருந்து அம்மோனியா வரும். மீன் வளர்ப்புக் கடையில அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் பாக்கற சொட்டு டெஸ்ட் கிட் விக்குது, அது இல்லாம இதுல இறங்காதீங்க. முதல்ல அம்மோனியா ஏறும், அது இறங்கறப்போ நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கி நைட்ரேட் காட்ட ஆரம்பிச்சா தொட்டி தயார். ஏற்கனவே ஓடற செட்டப் யாராவது வெச்சிருந்தா அங்கிருந்து ஒரு கூடை ஜல்லி வாங்கிட்டு வந்து போட்டா சீக்கிரம் ஆகும். கோமியம் ஊத்தினா சீக்கிரம் அம்மோனியா வருமேன்னு கேப்பாங்க, வரும், மேல சொன்ன காரணத்துக்காக வேண்டாம்.

எந்த மீன்? ஜிலேபி கெண்டைதான், திலேப்பியான்னு சொல்றது, அதுலயும் கிஃப்ட் திலேப்பியா (வேகமா வளரணும்னே தேர்ந்தெடுத்து உருவாக்குன ரகம்). தண்ணி தரம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் தாங்கும், வேகமா வளரும், முள்ளு கம்மி. இத வளர்க்க அனுமதி, பதிவு எல்லாம் உண்டு, அதனால உங்க மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் ஆபீஸ்ல ஒரு தடவை போய்க் கேட்டுட்டு அங்கீகாரம் உள்ள குஞ்சுப் பண்ணையிலயே வாங்குங்க, வாய்க்கால்ல பிடிச்ச குஞ்சு வேண்டாம், அது நோயக் கொண்டு வரும், அதோட கண்டபடி குட்டி போட்டு சின்னதாவே நின்னுடும். எல்லாம் ஆண் குஞ்சா தர்றாங்களான்னும் கேளுங்க. அதே ஆபீஸ்ல பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல என்ன மானியம் இருக்குன்னும் விசாரிங்க, பயோபிளாக் (தண்ணியிலயே நுண்ணுயிர வளர்த்து கழிவ மாத்தறது), ஆர்ஏஎஸ் (தண்ணிய வடிகட்டி திரும்பத் திரும்ப சுத்த விடறது) மாதிரி தொட்டி மீன் வளர்ப்புக்கு அதுல பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி பிரிவுக்கும் 60 சதவீதம்னு வெச்சிருந்தாங்க. விரால் வேணும்னா பெல்லட் (கடையில விக்கற குருணைத் தீவனம்) திங்கப் பழக்குன குஞ்சா வாங்கணும், அது ஒண்ண ஒண்ணு திங்கும், சைஸ் பிரிக்கணும், முதல் வருஷத்துக்கு வேண்டாம். ரோகு, கட்லா குளத்து மீனுங்க, தொட்டியில திணறும். ஆப்பிரிக்கன் கெளுத்திய யாராவது லாபம்னு சொன்னா காதுலயே வாங்காதீங்க, அது தடை செஞ்ச மீன், மழை வெள்ளத்துல ஆத்துக்குள்ள போச்சுன்னா நாட்டு மீனையெல்லாம் அழிச்சுடும்.

1000 லிட்டருக்கு 30 குஞ்சு போதும். 100 விடலாம்னு கடைக்காரர் சொல்வார், விடாதீங்க. கணக்கு இதுதான்: கீரை வகைக்கு செடித் தொட்டி ஒரு சதுர மீட்டருக்கு தினம் 40, 50 கிராம் தீவனம் சரியா இருக்கும், நம்ம கிட்ட இருக்கறது 2.4 சதுர மீட்டர், அப்போ 100ல இருந்து 120 கிராம். வளர்ந்த மீன் தன் எடையில 1.5 சதவீதம் பக்கம் திங்கும், அப்போ 8 கிலோ மீன் இருக்கறப்பவே செடிக்கு வேண்டியது கிடைச்சுடுது. 30 மீனும் 400 கிராம் ஆனா 12 கிலோ, அதுக்குள்ள 250, 300 கிராம் ஆனதுல இருந்தே ஒண்ணு ரெண்டா பிடிச்சுக் குழம்பு வெச்சுக்கிட்டே வந்தா கணக்கு சரியா நிக்கும்.

தீவனம் மிதக்கற பெல்லட், குஞ்சுக்குப் புரதம் 35 சதவீதத்துக்கு மேல, வளர்ந்ததுக்கு 28ல இருந்து 32. வீட்டுல இருக்கற மாட்டுத் தீவனம், தவிடு, புண்ணாக்கு, கோழித் தீவனம் எதையும் கொட்டாதீங்க, கை பக்கத்துலயே மூட்டை இருக்கறதால இந்த ஆசை கண்டிப்பா வரும், தண்ணி கலங்கி ஜல்லி எல்லாம் அடைச்சுக்கும். 5 நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு மட்டும் காலை சாயங்காலம் போடுங்க, மிச்சம் மிதந்தா வலையில அள்ளிடுங்க. பண்ணையில இருந்தே கொடுக்கக் கூடியது அசோலா, தண்ணி மேல மிதந்து வளர்ற சின்னச் செடி. மாட்டுக்கு ஏற்கனவே அசோலா குழி வெச்சிருக்கறவங்க நிறைய பேர், ஆனா அந்தக் குழி சாணி கரைச்சது, அதனால மீனுக்கு அத அப்படியே அள்ளிப் போடாதீங்க. அதுக்குப் பதிலா டிரம்ல தேங்கற கழிவுத் தண்ணிய ஒரு சின்னத் தார்ப்பாய்க் குழியில விட்டு தனியா அசோலா விடுங்க, அது மீனுக்கும் ஆகும், மிச்சம் கோழிக்கும் மாட்டுக்கும் ஆகும். திலேப்பியா அசோலாவ நல்லாத் திங்கும், பெல்லட் செலவு கொஞ்சம் குறையும், முழுசா அதையே நம்பினா வளர்ச்சி நின்னுடும். கறுப்புப் படைவீரன் ஈ (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) புழு வளர்க்கறவங்க கோழிக்குக் கொடுக்கற மாதிரி மீனுக்கும் கொடுக்கலாம், காய்கறிக் கழிவுல வளர்த்த புழுவா மட்டும் இருக்கட்டும், எருவுல வளர்த்தத கோழிக்கே விட்டுடுங்க.

டிரம் அடியில தங்கற சகதிய ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை வால்வத் திறந்து 10, 20 லிட்டர் எடுங்க. கருப்பா கொழகொழன்னு வரும், நாத்தம் லேசாத்தான் இருக்கும், அழுகின முட்டை வாசம் அடிச்சா ரொம்ப நாள் விட்டுட்டீங்கன்னு அர்த்தம். இத நேப்பியர் புல்லுக்கு விடுங்க, கோ 4, கோ 5 எதுவா இருந்தாலும் சரி, பாத்தியில இந்தத் தண்ணி விழற வரிசை மட்டும் கரும்பச்சையா தனியாத் தெரியும். இந்தப் பக்கம்தான் மீனும் மாடும் நேரா சேர்ற இடம், மீன் கழிவு புல்லாகுது, புல்லு பாலாகுது. கீரையில விக்க முடியாத முத்துன தண்டு, பழுத்த இலை ஆட்டுக்குப் போகும். மண்புழு உரக் குழி இருந்தா ரெண்டு கை மண்புழுவ எடுத்து நல்லா அலசி, ரெண்டு நாள் ஈரச் சாக்குல விட்டு, வயித்துல இருக்கற சாணி போனதும் மறுபடி அலசி செடித் தொட்டி ஜல்லியில விடுங்க, இடுக்குல சிக்குற கழிவ அது தின்னு வழி விடும்.

செடின்னா முதல் 6 மாசம் கீரை மட்டும். பொன்னாங்கண்ணியும் புதினாவும் குச்சிய ஒடிச்சு சொருகினாலே பிடிச்சுக்கும், இதுக்குன்னே பிறந்த செடிங்க. வல்லாரையும் அப்படித்தான். சிறுகீரை, தண்டங்கீரை, பாலக், வெந்தயக் கீரை எல்லாம் வரும், வேற தட்டுல நாத்து விட்டு வேர கழுவி நட்டா நல்லது. தக்காளி, மிளகாய், கத்தரிக்கு பொட்டாஷ் அதிகம் வேணும், தண்ணி நல்லாப் பக்குவப்பட்ட பிறகு 6 மாசம் கழிச்சு வைங்க. முள்ளங்கி, கேரட் ஜல்லிக்குள்ள கோணிக்கிட்டுத்தான் வளரும். இளசா வர்ற இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புக் குறை, நம்ம தண்ணிக்கு இது கண்டிப்பா வரும். உரக்கடையில இரும்பு செலேட் (செடி எடுத்துக்கற மாதிரி தண்ணியில கரைஞ்சே நிக்கற இரும்பு) கேட்டா பெரும்பாலும் ஈடிடிஏங்கற வகைய எடுத்துக் கொடுப்பாங்க, அது பிஹெச் 6.5 தாண்டினா வேலைக்கு ஆகாது. 7.5 வரைக்கும் டிடிபிஏ, அதுக்கு மேல ஈடிடிஹெச்ஏ. 6 சதவீத ஈடிடிஹெச்ஏன்னா 1000 லிட்டருக்கு 30 கிராம், கரைச்சு ஊத்துனதும் தண்ணி செந்நிறமா மாறும், பயப்பட வேண்டாம். பூச்சிக்கு எந்த மருந்தும் கிடையாது, வேப்பெண்ணெய்கூட தண்ணியில கலந்தா மீனுக்கு ஆபத்துதான், மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்க, புழுவ கையால பொறுக்கிக் கோழிக்குப் போடுங்க.

தினசரி வேலை பெருசா இல்ல. பால் கறக்கப் போறப்பவே டார்ச் அடிச்சு ஒரு பார்வை, மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து காத்துக் குடிக்குதுன்னா ஆக்ஸிஜன் இல்ல, தீவனத்த நிறுத்திட்டு ஏர் பம்ப்பையும் அதோட முனையில குமிழி விடற கல்லையும் பாருங்க, அவசரத்துக்கு வாளியில மொண்டு உயரத்துல இருந்து தொட்டியிலயே ஊத்துங்க. பம்ப் ஓடுதா, ரெண்டு சைபனும் இழுக்குதா, செத்த மீன் இருக்கா, தண்ணி எவ்வளவு இறங்கிருக்கு, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 1 மி.கி தொட்டா தீவனத்த நிறுத்தி மூணுல ஒரு பங்கு தண்ணிய மாத்துங்க, எடுத்த தண்ணி புல்லுக்கு. நைட்ரைட் ஏறிடுச்சுன்னா 1000 லிட்டருக்கு அரை கிலோ கல்லுப்பு மீனக் காப்பாத்தும், உங்க போர் தண்ணியே உப்புன்னா அதுவும் தேவைப்படாது. மீனுக்குச் சீக்கு வந்தா மாட்டுக்கு வாங்கி வெச்ச ஆன்டிபயாடிக்க தொட்டியில போடவே கூடாது, பாக்டீரியா செத்து மொத்த செட்டப்பும் உக்காந்துடும், அந்த மீன மட்டும் எடுத்துத் தனி வாளியில உப்புத் தண்ணியில வைங்க. பிஹெச் மாசக் கணக்குல மெதுவா இறங்கிக்கிட்டே வரும், 6.5க்குக் கீழ போனா பொட்டாசியம் பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, செடிக்குப் பொட்டாஷும் ஆச்சு.

பணத்தப் பத்தி நேராவே சொல்றேன். இந்த சைஸ்ல 30 மீன வித்து பணக்காரர் ஆக முடியாது, அப்படி யாராவது வீடியோவுல சொன்னா நம்பாதீங்க. வீட்டுக்கு மீனும் கீரையும் வாங்கற செலவு நிக்கும், அது போக மிச்சக் கீரைதான் காசு. அதுக்கு உங்க கிட்ட இருக்கற பெரிய சொத்து பால் வாடிக்கை. தினம் காலையில 15, 20 வீட்டுக்குப் பால் ஊத்தறீங்கன்னா அதே வண்டியில புதினாவும் பொன்னாங்கண்ணியும் கட்டு கட்டிக் கொண்டு போகலாம், புதுசா ஆள் தேட வேண்டாம், சந்தைக்குப் போக வேண்டாம், காலையில அறுத்தது காலையிலயே போகுது. அறுக்கறதுக்கு முன்னாடி கைய சோப்பு போட்டுக் கழுவுங்க, கறந்த கையோட அப்படியே அறுக்காதீங்க, தொட்டித் தண்ணி இலையில படாம அறுத்து, குடிக்கற தண்ணியில அலசிக் கட்டுங்க. பாலுக்கு உங்க மேல இருக்கற நம்பிக்கையிலதான் கீரையும் விக்குது.

மீன மொத்தமா ஒரே நாள்ல பிடிச்சுடாதீங்க, பிடிச்சா செடிக்குச் சாப்பாடு நின்னு ரெண்டு வாரத்துல கீரை வெளுத்துடும். முதல் 30 குஞ்சு விட்டு 3 மாசம் ஆனதும் தொட்டிக்குள்ள வலைக்கூண்டு ஒண்ணு கட்டி அதுல அடுத்த 15 குஞ்ச விடுங்க, பெருச பிடிக்கப் பிடிக்க சிறுசு வளர்ந்து இடத்த எடுத்துக்கும். பிடிக்கறதுக்கு முந்தின நாள் தீவனம் போடாதீங்க, குடல் காலியா இருந்தா மீன் சுத்தமா இருக்கும், மண்ணு வாசம் அடிக்குதுன்னு தோணினா தனித் தொட்டியில நல்ல தண்ணியில மூணு நாலு நாள் விட்டுப் பிடிங்க. ஒரு வெயில் காலம், ஒரு மழைக் காலம், ஒரு மார்கழிக் குளிர் மூணையும் இந்த ஒரே செட்டப்ல பாத்து முடிங்க, குளிர்ல தண்ணி 20 டிகிரிக்குப் பக்கம் இறங்கினா திலேப்பியா சரியாத் திங்காது, அப்போ தீவனத்தப் பாதியாக் குறைக்கணும், இதெல்லாம் கைக்குப் பழகணும். அதுக்கப்புறம் ரெண்டாவது தொட்டி போடறதா இருந்தா முதல் தொட்டியோட பைப்ப இணைக்காதீங்க, தனித்தனியாவே ஓடட்டும், ஒண்ணுல நோயோ பம்ப் கோளாறோ வந்தா இன்னொண்ணு தப்பிச்சுக்கும்.